மாமாவின் கண்ணும் அம்பாசடரின் வயரும்

எங்கள் வீட்டில் நாலு வருஷமாக ஒரு பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பு: 'ராத்திரியில் ரோடு சரியாகத் தெரியாததற்குக் காரணம் மாமாவின் கண்ணா, அம்பாசடரின் ஹெட்லைட்டா?'

கண்தான் என்ற அணியில் என் மனைவி, மாமியார், நான். ஹெட்லைட்தான் என்ற அணியில் மாமா மட்டும் தன்னந்தனியாக. நடுவர் கிடையாது. அதனால் மெஜாரிட்டி சொன்னதுதான் தீர்ப்பு. 2018-ல் ஒரு ராத்திரி ரவீந்திர சரோவர் பக்கம் டிவைடர் மேல் முன் சக்கரத்தை ஏற்றிவிட்டார் மாமா. யாருக்கும் அடியில்லை. வண்டிக்கும் பெரிசாக ஒன்றுமில்லை (அம்பாசடர் இல்லையா, டிவைடருக்குத்தான் சேதம்). ஆனால் மறுநாளே வீட்டில் சட்டம் வந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மாமா ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது.

"இந்த வண்டி லைட்டு சரியில்லம்மா. மெழுகுவத்தி மாதிரி இருக்கு" என்றார் மாமா.

"அப்பா, பல்பு மாத்தி ஆறு மாசம் கூட ஆகல. உங்களுக்கு எழுபது வயசாயிடுச்சு, அத ஒத்துக்குங்க" என்றாள் மகள்.

நானும் என் பங்குக்கு வண்டி முன்னால் போய் நின்று ஹெட்லைட்டைப் போடச் சொல்லிப் பார்த்தேன். கண்ணைக் கூசியது. "நல்லாத்தானே மாமா எரியுது?" என்று சொல்லிவிட்டேன். இஞ்சினியருக்குப் படித்தவன் சொன்ன வார்த்தை அது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நேரே பார்த்தால் டார்ச் லைட் கூடத்தான் கண்ணைக் கூசும்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பக்கம். 1970-ல், 22 வயதில், டல்ஹவுசியில் ஒரு கம்பெனி வேலைக்காக ரயிலேறி கல்கத்தா வந்தவர். வந்த நாளிலிருந்து லேக் மார்க்கெட் பக்கம்தான் வாசம். முருங்கைக்காய், வாழையிலை, காப்பிப் பொடி எல்லாம் கிடைக்கிற இடத்தை விட்டு ஏன் நகரவேண்டும் என்பது அவர் கட்சி. மீன் தவிர மற்ற எல்லா விஷயத்திலும் பெங்காலி ஆகிவிட்டார்.

1991-ல் அவர் வாங்கிய க்ரீம் கலர் அம்பாசடர், எனக்கு முன்பே அந்த வீட்டுக்குள் வந்துவிட்ட மூத்த மாப்பிள்ளை. அதுவும் உள்ளூர்தான். இங்கே ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில் பிறந்தது. அங்கே 2014 மே மாதம் உற்பத்தி நின்றுபோனது. அன்று மாமா டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டுக் கீழே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். மாமியார் சொல்வார். அப்போது நாங்கள் புனேயில் இருந்தோம். 2016-ல்தான் எனக்கு இங்கே மாற்றல் வந்தது. பேத்தியும் தாத்தாவும் ஒரே கட்டடத்தில் இருக்கலாமே என்று மாமா வீட்டுக்கு மேல் மாடியிலேயே குடி வந்தோம்.

சரி, கதைக்கு வருவோம்.

2022 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, எல்லோருமாகச் சாந்திநிகேதன் போனோம். சோனாஜுரி மரங்களுக்கு நடுவே சனிக்கிழமை கூடும் சந்தையைப் பார்க்கவேண்டும் என்று பெண்ணுக்கு ஆசை. என் சின்ன கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் அம்பாசடரிலேயே கிளம்பினோம். பகலில் மாமா ஓட்டினார். திரும்பும்போது, சட்டப்படி, நான்.

இந்தப் பக்கம் டிசம்பரில் சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். நம்மூர் ஞாபகத்தில் 'ஆறரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும்' என்று கணக்குப் போட்டால் ஏமாந்துதான் போகவேண்டும். நாங்களும் ஏமாந்தோம். போல்பூரில் டீ குடித்துக் கிளம்பும்போதே இருட்டு. குஸ்கரா வழியாக பர்த்தமான் வரும் அந்த ரோட்டில் பல இடங்களில் தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் நெல் அறுத்த வயல். தரையோடு தரையாக லேசாகப் பனிமூட்டம் வேறு.

அன்றுதான் முதல் தடவையாக அந்த வண்டியை நான் ராத்திரியில் ஊருக்கு வெளியே ஓட்டுகிறேன். கல்கத்தாவுக்குள் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓட்டும்போது ஹெட்லைட் எரிகிறதா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது. இங்கே தெரிந்தது. பானெட்டுக்கு முன்னால் மஞ்சளாக, வடிகட்டின பழைய எண்ணெய் மாதிரி ஒரு வெளிச்சம். கொஞ்ச தூரம். அதற்கப்புறம் கறுப்பு.

இருந்தாலும் மனுஷ புத்தி. அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் மாமா.

"மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவா போங்க. இந்த லைட்டுக்கு நாப்பதுக்கு மேல ஆகாது."

"பரவால்ல மாமா, தெரியுது."

"தெரியாது மாப்பிள்ளை. நான் முப்பது வருஷமா ஓட்டறேன். நாப்பதுல போங்க."

உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டு நாற்பதுக்கு இறக்கினேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ரோட்டில் ஒரு வைக்கோல் போர் நின்றது.

நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. வைக்கோலை மலை மாதிரி ஏற்றிய சைக்கிள் வேன். இங்கே மூன்று சக்கரத்தில் பலகை அடித்த வண்டியை 'வேன்' என்றுதான் சொல்வார்கள். பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. வைக்கோலின் நிறமும் என் ஹெட்லைட்டின் நிறமும் ஒன்றாக இருந்ததால் கடைசி நிமிஷம் வரை அது ரோட்டோடு ரோடாகவே கலந்திருந்தது. பிரேக்கை நான் மிதிக்கவில்லை, பிரேக் மேல் எழுந்து நின்றேன். வண்டி இழுத்துக்கொண்டு போய் நின்றபோது பானெட் நுனிக்கும் வைக்கோலுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்திருக்கும். வேனை மிதித்தவருக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். இறங்கித் திரும்பிப் பார்த்தார். வண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன் வைக்கோலைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். அவனும் எட்டிப் பார்த்தான்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி. அதிலேயே 25 மீட்டர் போயிற்று. அதன்பிறகு இந்தக் கனமான வண்டி நிற்க இன்னும் 25, 30 மீட்டர். ஆக 50 மீட்டருக்கு மேல். 40-ல் போனால் மொத்தமே 30 மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த வேன் என் கண்ணில் பட்டது அந்த 30 மீட்டரை ஒட்டித்தான். மாமா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேலே கணக்குப் போடவில்லை.

சக்திகரில் லாங்சா கடைகள் வரிசையாக வரும். எப்போதும் அங்கே நிறுத்துவோம். அன்றும் நிறுத்தினோம். யாருக்கும் லாங்சா இறங்கவில்லை. டீ கிளாஸைப் பிடித்த என் கை ஆடுவதை மாமா பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சக்கரை போதுமா?" என்று மட்டும் கேட்டார். நாலு வருஷமாக அவர் சொன்னதையெல்லாம் 'வயசாயிடுச்சு' என்ற ஒரே வார்த்தையில் அமுக்கிய கூட்டத்தில் நானும் ஒருத்தன். அந்த டீ தொண்டையில் இறங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

மறுநாளே 'ஹெட்லைட்டை மாத்திடறேன்' என்று கிளம்பினேன். என் யோசனை சுலபமானது. வெளிச்சம் பத்தவில்லையா, பெரிய பல்பு போடு. இருப்பது 60/55 வாட் ஹெச்-4 பல்பு. பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. கடையில் 100/90 கிடைக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் வெள்ளை வெளேரென்று எல்ஈடி. ஆபீசில் ஒரு நண்பர் எல்ஈடி போட்டுவிட்டு, ராத்திரியைப் பகலாக்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா, "எதுக்கும் மல்லிக் பஜார்ல நம்ம மிஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார்.

மல்லிக் பஜாரைக் கல்கத்தா வாசிகளுக்குச் சொல்லவே வேண்டாம். பழைய வண்டிகளின் சொர்க்கமும் அதுதான், சுடுகாடும் அதுதான். ஒரு பக்கம் வண்டியை உரித்துக்கொண்டிருப்பார்கள், இன்னொரு பக்கம் உரித்த சாமானை வைத்து வேறொரு வண்டிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மாமா சொன்ன மிஸ்திரி நடைபாதை ஓரம் ஒரு மர ஸ்டூல், ஒரு டூல் பாக்ஸ், தோளில் மாலை மாதிரி வயர் சுருள் என்று உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் 'தாதா' என்று கூப்பிடுகிறார்கள். பெங்காலியில் அண்ணன் என்று அர்த்தம், பயப்பட வேண்டாம் :-)

100/90 பல்பு என்று நான் வாயெடுத்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். "பல்புக்கு முதல்ல சாப்பாடு போகுதான்னு பாப்போம். சாப்பாடே போகாத ஆளுக்குப் பெரிய வயிறு வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றார் ஹிந்தியில்.

இங்கேதான் நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். சில மாதங்களுக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதே லைட்டைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அவர்கள் பல்பின் ஹோல்டரைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்து, "12 வோல்ட்டுக்கு மேல் வருது சார், வயரிங் ஓகே" என்று சொல்லி அனுப்பினார்கள். தாதா அதைக் கேட்டுச் சிரித்தார். பல்பைக் கழற்றிவிட்டால் வயரில் கரண்டே ஓடாது. கரண்ட் ஓடாவிட்டால் வோல்ட் இழப்பும் தெரியாது. எவ்வளவு மட்டமான வயராக இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். இஞ்சின் ஓடவேண்டும், லைட் எரியவேண்டும், ஹோல்டர் பல்பிலேயே மாட்டியிருக்கவேண்டும். அந்த நிலையில் ஹோல்டரின் பின்பக்கமாக மீட்டர் முள்ளை நுழைத்துப் பார்க்கவேண்டும்.

பார்த்தார். பேட்டரியில் 13.7 வோல்ட். பல்பில் 11.1 வோல்ட்.

நடுவில் 2.6 வோல்ட்டைக் காணோம்.

வீட்டு மேல்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறையத் தண்ணீர். ஆனால் குழாயில் உப்புப் படிந்து ஓட்டை சிறுத்துப்போயிருக்கிறது. குழாயைத் திறக்காதவரை அழுத்தம் சரியாகத்தான் இருக்கும். திறந்ததும் சொட்டும். பெரிய ஷவர் வாங்கி மாட்டினால் என்ன பிரயோஜனம்?

இதில் இன்னொரு கொடுமை உண்டு. இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் அதைவிட ரொம்ப அதிகமாகக் குறையும். வோல்ட்டில் 10 சதம் போனால் வெளிச்சத்தில் சுமார் 30 சதம் போய்விடும். 20 சதம் போனால் பாதிக்கு மேல் காலி. என் வண்டியில் போனது 19 சதம். அதாவது மாமா முப்பது வருஷத்தில் மெல்ல மெல்லப் பாதி வெளிச்சத்துக்கு வந்துவிட்டிருந்தார். மெழுகுவத்தி என்று அவர் சொன்னது கொஞ்சம்தான் மிகை. வெளிச்சம் மஞ்சளாகத் தெரிந்ததற்கும் இதே காரணம். இழை போதிய சூடேறவில்லை.

சரி, காணாமல் போன வோல்ட் எங்கே? அதையும் தாதா இடம் இடமாகப் பிடித்துக் காட்டினார். பழைய அம்பாசடரில் ஹெட்லைட்டுக்குப் போகும் கரண்ட் முழுவதும் பேட்டரியில் கிளம்பி, டாஷ்போர்டு ஸ்விட்ச் வரை உள்ளே வந்து, அங்கிருந்து டிப்பர் ஸ்விட்சுக்குப் போய், மறுபடி முன்பக்கம் திரும்பிப் பல்புக்குப் போகிறது. இரண்டு டிம் பல்பும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர். அவ்வளவும் ஒல்லி வயரிலும், முப்பது வருஷம் தேய்ந்த ஸ்விட்ச் முனைகளிலும் ஓடவேண்டும். இந்த வழியில் 1.7 வோல்ட் போயிருந்தது. ஸ்விட்சின் பின்பக்கத்தை விரலால் தொட்டேன், சுட்டது. ரோட்டில் விழவேண்டிய வெளிச்சம் அங்கே டாஷ்போர்டுக்குப் பின்னால் சூடாகக் காய்ந்துகொண்டிருந்தது.

மிச்சம் 0.9 வோல்ட் யாருமே சந்தேகப்படாத இடத்தில் இருந்தது. எர்த். பல்பிலிருந்து பேட்டரிக்குத் திரும்பி வரும் பாதை. ஹெட்லைட் கிண்ணத்தில் ஒரு ஸ்க்ரூ, அதில் ஒரு கறுப்பு வயர். அந்த ஸ்க்ரூவைச் சுற்றிக் கல்கத்தா மழை முப்பது வருஷமாக வளர்த்த துரு. போகிற வழியைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம், திரும்பி வருகிற வழியை யார் பார்க்கிறோம்? (வெளியூரில் பிழைக்கிற நமக்கு இது ஹெட்லைட்டுக்கு மட்டும் பொருந்தாது என்று மாமா பிறகு சொன்னார்.)

தீர்வு: ரிலே.

ரிலே என்றால் பெரிய விஷயமில்லை. மானேஜர் மூட்டை தூக்கமாட்டார், பெல் மட்டும் அடிப்பார், தூக்குவதற்கு வேறு ஆள் வருவார் இல்லையா, அதேதான். பழைய ஸ்விட்ச் இனிமேல் 9 ஆம்பியரைச் சுமக்காது. ரிலேக்குள் இருக்கும் சின்னச் சுருளை இயக்கினால் போதும். அதற்கு ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். பல்புக்கு வேண்டிய கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராக, குட்டையான வழியில் போகும்.

டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே வாங்கினோம். சேர்த்து ஒரே ரிலேயில் முடித்துவிடலாமே என்று சிக்கனம் பார்க்கக் கூடாது. தனித்தனி ஃப்யூஸ், தனித்தனி ரிலே இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்றை வைத்து வீடு வந்து சேரலாம். நாலு முனை ரிலேயில் 30 என்று எழுதிய முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வயர். 87-லிருந்து பல்புக்கு. 86-ல் ஸ்விட்சிலிருந்து வரும் பழைய வயர். 85 எர்த். அவ்வளவுதான் வித்தை. ஃப்யூஸ் மட்டும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். வழியில் எங்காவது வயர் உரசித் தகரத்தில் பட்டால் வண்டி தீப்பிடிக்காமல் காப்பாற்றுவது அதுதான்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் கட்டடத்தின் பார்க்கிங்கிலேயே தாதா வந்து வேலையை ஆரம்பித்தார். பழைய வயர் கட்டின் மேல் சுற்றியிருந்த டேப்பை உரிக்க உரிக்க வண்டியின் ஜாதகமே வெளியே வந்தது. அசல் வயர்கள் இங்கிலாந்து முறை நிறத்தில் இருந்தன. பழுப்பு என்றால் பேட்டரி, நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம், கறுப்பு எர்த். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு இல்லையா, பாட்டன் சொத்து. அதற்கு மேல் பிற்காலத்து மெக்கானிக்குகள் ஒவ்வொருத்தரும் கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். மாமா ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்து, "இது 98-ல போட்டது, பூரி போயிட்டு வர்ற வழியில அணைஞ்சு போச்சு. இது அவ கல்யாணத்துக்கு முந்தின வாரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆல்டர்னேட்டரில் லூக்காஸ்-டிவிஎஸ் பெயரைக் காட்டி, "பாருங்க மாப்பிள்ளை, மெட்ராஸ் பாடியில செஞ்சது. என்னை மாதிரியே இங்க வந்து உழைக்குது" என்றார்.

புதுசாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சூட்டைத் தாங்கும் பீங்கான் ஹோல்டர்கள், ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயர். அந்த எர்த் வயர் போய்ச் சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளபளவென்று தெரிந்த பிறகுதான் போல்ட் முடுக்கினார். முடுக்கின பிறகு மேலே கிரீஸ். ரிலேக்களை முனைகள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டினார், தண்ணீர் உள்ளே தேங்காமல் இருக்க. மழைக்காலத்தில் எங்கள் தெரு ஆறாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும். பழைய வயரில் எதையும் வெட்டவில்லை. ரிலே கெட்டுப்போனால் பழைய ஹோல்டரை அப்படியே மாட்டிக்கொண்டு ஓட்டலாம் என்றார்.

வேலை முடிந்ததும் அதே மாதிரி மீட்டர் வைத்தோம். பேட்டரியில் 13.7. பல்பில் 13.3. பல்பு அதே 60/55தான். சாமானும் கூலியும் சேர்த்து எனக்கு ஆனது 2,400 ரூபாய்.

நான் விடாமல் எல்ஈடி பற்றி இன்னொரு தடவை கேட்டேன். தாதா பல்பைக் கையில் எடுத்துக் காட்டினார். ஹெச்-4 பல்புக்குள் டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகரக் கிண்ணம் இருக்கிறது. அதுதான் வெளிச்சம் மேலே போகாமல் தடுக்கிறது. விளக்கின் உள்கண்ணாடியும் முன்கண்ணாடிக் கோடுகளும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துத்தான் அமைக்கப்பட்டவை. அந்த இடத்தில் வேறு உருவத்தில் எதையாவது சொருகினால் வெளிச்சம் கண்டபடி சிதறும். ஓட்டுகிறவருக்கு ரோடு பளிச்சென்று இருக்கிற மாதிரி தோன்றும், எதிரே வருகிறவருக்குக் கண் போய்விடும். "எதிர்ல வர்றவனும் வீட்டுக்குப் போகணும் இல்ல?" என்றார். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொன்னார். ரோட்டின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த விளக்குகளில் டிம் வெளிச்சம் வலது ஓரத்தில் ஏறி இருக்கும். நம்மூரில் அது எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கும்.

வெளிச்சம் கூடிவிட்டதால் திசையைச் சரி செய்வது அவசியம். சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தினோம். விளக்கின் நடு உயரத்தை டேப் வைத்து அளந்து, மாமா சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே விழவேண்டும். காலி வண்டியில் வைத்துப் பார்க்கக் கூடாது. பின்னால் ஆள் ஏறினால் பட்டை ஸ்பிரிங் அமுங்கி, மூக்கு மேலே தூக்கி, வெளிச்சம் மரத்தில் அடிக்கும். அதனால் மாமியாரையும் என் பெண்ணையும் பின் சீட்டில் உட்கார வைத்தோம். "வெயிட்டுக்குத்தான் என்னைக் கூப்பிட்டீங்களா?" என்று மாமியார் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஜனவரி கடைசி வாரம், ஒரு ராத்திரி. நானும் மாமாவும் மட்டும் சயன்ஸ் சிட்டி தாண்டி பசந்தி ஹைவே பக்கம் போனோம். குறுகலான, இருட்டான ரோடு. நான்தான் ஓட்டினேன். டிம் போட்டேன். இடது ஓரம் நடந்து போகிறவர் செருப்பு தெரிந்தது. பிரைட் போட்டேன். வெகு தூரத்தில் ஒரு சைக்கிள் பெடல் மின்னியது. எனக்கு விசிலடிக்கவேண்டும் போல இருந்தது.

"பாத்தீங்களா மாமா! நீங்க சொன்னதுதான் சரி. உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. நாங்கதான்..." என்று நாலு வருஷ மன்னிப்பை ஒரே மூச்சில் கேட்க ஆரம்பித்தேன்.

மாமா பேசவில்லை. எதிரே ஒரு லாரி வந்து போனது. இன்னொன்று வந்து போனது.

"மாப்பிள்ளை, எதிர்ல வர்ற லைட்டச் சுத்தி வட்டமா, வளையம் மாதிரி இருக்கே. அது உங்களுக்கும் தெரியுதா?"

"இல்லையே மாமா."

கொஞ்ச நேரம் இஞ்சின் சத்தம் மட்டும்தான்.

"இவ்ளோ நாளா அதையும் நான் லைட்டு மேலயே போட்டுட்டேன்" என்றார். பிறகு, "போதும், திருப்புங்க. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போலாம்."

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாகவே முற்றியிருந்தது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, எதிர் வெளிச்சம் கூசுவது எல்லாம் அதன் அடையாளம்தான் என்றார் டாக்டர். பிப்ரவரியில் ஒரு கண், மார்ச்சில் இன்னொன்று. கட்டுப் பிரித்த அன்று மாமியாரின் புடவையைப் பார்த்து, "இது நீலமா? இத்தனை நாள் பச்சைன்னு நினைச்சேன்" என்றார். மாமியார் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆக, பட்டிமன்றத் தீர்ப்பு: இரண்டு அணியும் பாதி சரி, பாதி தப்பு. நாங்கள் கண்ணைக் காட்டி வயரைப் பார்க்கவில்லை. அவர் வயரைக் காட்டிக் கண்ணைப் பார்க்கவில்லை. 2018-ல் அந்த டிவைடர் தெரியாமல் போனதில் வயரின் பங்கு எவ்வளவு, கண்ணின் பங்கு எவ்வளவு என்று இனி எந்த மீட்டரை வைத்தும் அளக்கமுடியாது. ஆனால் வயரைச் சரி செய்யாமல் இருந்திருந்தால், கண்ணைப் பற்றி அவர் ஒருநாளும் வாயைத் திறந்திருக்கமாட்டார் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். சாக்குச் சொல்ல வேறொன்றும் மிச்சமில்லாதபோதுதான் மனுஷன் தன்னைப் பார்க்கிறான். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம்மில் பலருக்கு ஊரில் அப்பாவோ மாமனாரோ ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு இருப்பார்கள். லீவுக்குப் போகும்போது 'லைட்டு சரியில்லப்பா' என்று சொன்னால், 'உங்களுக்கு வயசாயிடுச்சு, வித்துடுங்க' என்று சொல்லும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ராத்திரி ஊருக்கு வெளியே அந்த வண்டியை நீங்களே ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலையில் இஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பல்பில் மீட்டர் வையுங்கள். பேட்டரிக்கும் பல்புக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நல்ல எலக்ட்ரீஷியனைப் பிடித்து ரிலேயும் எர்த்தும் போடச் சொல்லுங்கள். அதே கையோடு அவரைக் கண் டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

மாமா மீதான சட்டம் வாபஸ் ஆகிவிட்டது. இப்போது ராத்திரி எட்டு மணிக்குக் கூட லேக் மார்க்கெட் வரை போய்க் காப்பிப் பொடி வாங்கிவருகிறார். ஹைவேக்கு மட்டும் அவரே வரமாட்டேன் என்றுவிட்டார். "லைட்டு புதுசு, லென்ஸு புதுசு, ஆனா கால் 1948 மாடல் மாப்பிள்ளை. பிரேக்குக்கு லேட்டாத்தான் போகும்."

நாங்கள் யாரும் சொல்லாமலே அவராகச் சொன்னது அது.

குஸ்கரா ரோட்டில் அதன்பிறகு இரண்டு தடவை போய்வந்தோம். டிக்கியில் ஒரு சுருள் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் வைத்திருக்கிறேன். வழியில் விளக்கில்லாத சைக்கிள் வேன் ஏதாவது நின்றுகொண்டிருந்தால் இறங்கிக் கேட்டுவிட்டுப் பின்னால் ஒரு சாண் ஒட்டிவிடுவேன். அந்தப் பெரியவரையும் பையனையும் மறுபடி பார்க்கவில்லை. இதுவரை ஏழு வண்டிகளுக்கு ஒட்டியாயிற்று.